மேட்டு நிலம்

“கடற்கரையோரம் நம்ம ஊர்ல ரெண்டு நிலம் இருக்கு மாப்பிள்ளை. ஒண்ணு வினிதாவுக்கு, ஒண்ணு என் பையனுக்கு. எது வேணும்னு மொதல்ல நீங்க சொல்லுங்க,” என்றார் அழகர்சாமி.

அசோக்குமார் யோசிக்கவே இல்லை. “தெற்கு நிலம் மாமா.”

வினிதா அவனைச் சமையலறைக்குள் இழுத்தாள். “அந்த நிலத்தை நானே பார்த்ததில்ல. ஓசூரைத் தாண்டாத நீங்க எப்படிச் சொன்னீங்க?”

“கடல் ஏறினா எந்த ஊர் மூழ்கும்னு மேப் போடறதுதானே எங்க கம்பெனி வேலை? சாட்டிலைட் மேலேர்ந்து அளந்த கணக்கைப் பார்த்துட்டேன். வடக்கு நிலம் ரெண்டே மீட்டர் உயரம். தெற்கு ஒன்பது மீட்டர். நாம கட்டப்போற வீட்டுக்குள்ள தண்ணியே வராது.”

“அப்போ மூழ்கறது எங்க அண்ணனா?”

“கேட்டா சொல்ல மாட்டேனா? அவர் கேக்கலையே!”

இருவரும் கூடத்துக்குத் திரும்பியபோது அழகர்சாமி செல்போனைக் கீழே வைத்தார்.

“பையன்கிட்ட சொல்லிட்டேன். மேட்டு நிலத்தைத் தனக்கு விட்டுக் கொடுத்துட்டீங்களேன்னு கண் கலங்கிட்டான், மாப்பிள்ளை.”

“மேட்டு நிலமா? வடக்கா?”

“ஆமா. தெற்கு பள்ளமாச்சே. ஐப்பசி வந்தா முழங்கால் தண்ணி நிக்கும். நெருக்கமா ஒரு தென்னந்தோப்பு, அவ்வளவுதான்.”

“தென்னை எவ்வளவு உயரம் மாமா?”

“முப்பதடி இருக்கும்.”

சாட்டிலைட் அளந்தது தரையை அல்ல, தென்னை உச்சியை என்பது அசோக்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது.

வினிதா அவன் காதோரம் குனிந்தாள். “கவலைப்படாதீங்க. கடல் வந்தா மரத்துல ஏறிக்கலாம். அங்க ஒன்பது மீட்டர் இருக்குல்ல?”