வெயிலில் மின்னிய யானை

மழை விட்ட விடியற்காலையில் ஒரு தாய் நத்தையும் அதன் குட்டியும் சுவரில் ஊர்ந்து ஊர்ந்தே ஒரு யானை வரைந்தன. நத்தை ஊர்ந்த தடம் காய்ந்தபின் வெயில் பட்டால் வெள்ளியாக மின்னும். ஆனால் வெயில் வருவதற்குள் நத்தைகள் நிழலுக்குப் போய்விட வேண்டும். அதனால் தாய், தான் வரைந்த எந்தப் படத்தையும் பார்த்ததே இல்லை.

“தும்பிக்கை நான் போடுறேம்மா!” என்று குட்டி வளைந்து வளைந்து ஊர்ந்தது.

“ஐயோ, கோணுதுடி! பார்க்க வர்ற எறும்பெல்லாம் சிரிக்கப்போகுது. சரி போ, விடிஞ்சிருச்சு. காஞ்சு கருகிப் போயிருவே, வா!”

“மாட்டேன். நம்ம படம் மின்னுறதை நான் பார்க்கணும்.”

தாய் அதட்டியது, கெஞ்சியது. கடைசியில் சுவரோரம் இருந்த பூந்தொட்டியின் விளிம்புக்கு அடியில் குட்டியை ஒதுக்கி, தானும் அதன் பின்னால் ஒண்டியது. “உடம்பு நிழலுக்குள்ளேயே இருக்கணும். கண்ணை மட்டும் நீட்டிக்கோ.”

வெயில் சுவரில் விழுந்தது. யானை பளிச்சென்று எழுந்து நின்றது! எறும்புகள் வரிசையை விட்டு ஓடிவந்தன.

“அடேயப்பா, தும்பிக்கை ஆடுது பாருங்க!” என்று ஓர் எறும்பு கத்தியது.

“அம்மா, என் தும்பிக்கை! கேட்டியா?”

குட்டி திரும்பிப் பார்த்தது. தாயின் கண்கள் மட்டுமல்ல, பாதி உடம்பே வெயிலில் இருந்தது.

“அம்மா, உள்ளே வா! கருகிப் போயிருவே!”

“இருடி, கொஞ்சம் தள்ளு. உன் ஓடு மறைக்குது. நான் போட்ட வாலை இன்னும் பார்க்கலை.”