தையல் சத்தம்

"உள்ள என் பொண்ணு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. உங்கம்மா என்னடான்னா மெஷினைப் போட்டு இந்த மிதி மிதிக்கிறாங்களே, மாப்பிள்ளை!"

பெண்ணின் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பேரக் குழந்தையோடு கூட இருக்க அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தாள்.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். "ஆர்டர் நிறைய இருக்கு போல, அத்தை."

சின்ன வீடு. ஒரே ஹால், அதிலேயே பாத்ரூம் கதவும். அந்தக் கதவை ஒட்டித்தான் சம்பந்தியின் தையல் மெஷின். காலால் மிதிக்கிற பழைய மெஷின். எதிரே சோபாவில் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் அவருடைய மகன்களும். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள், பார்த்துவிட்டு, டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் சிவந்து, நைட்டி தெப்பலாக நனைந்திருந்தது. மெஷின் நின்றது.

அம்மா அவளை அறைக்குள் கூட்டிப் போய் நெற்றியில் கை வைத்தாள். "ஐயோ, கொதிக்குதே! காய்ச்சல்!"

"காய்ச்சல் இல்லம்மா. உள்ள போய் உட்கார்ந்தாலே இப்படித்தான். குப்புனு சூடு ஏறுது, வேர்த்துக் கொட்டுது, கண்ணை இருட்டுது." மகளின் குரல் உடைந்தது. "பிள்ளை பிறந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட சரியாப் போகலம்மா. முக்கினா தையல் பிரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு."

வாசலில் சம்பந்தியின் தலை தெரிந்தது. "டேய், டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போடு" என்று மகனிடம் சொல்லிவிட்டுத் தலை மறைந்தது. மருமகளிடம் ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது.

பிரசவம் பார்த்த டாக்டர் போனில் சிரித்தார். "முக்குறதும் மூட்டை தூக்குறதும் ஒண்ணுதான்மா. வயிறு, நெஞ்சு, தொடைன்னு எல்லாத் தசையும் சேர்ந்து வேலை செய்யுது. உடம்பு சூடாகாம என்ன பண்ணும்? அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் வேர்வை."

"கண்ணை இருட்டுதே டாக்டர்?" என்றாள் மகள்.

"குடலுக்குப் போற நரம்புதான் இதயத்துக்கும் போகுது. மூச்சைப் பிடிச்சு முக்கினா அதைச் சீண்டுற மாதிரி. அதனாலயும் வேர்க்கும், கிறுகிறுன்னு வரும். மூச்சை அடக்காதே, வாயால மெதுவா விடு. காலுக்குக் கீழ ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக்கோ, முன்னால சாய்ஞ்சு உட்காரு. தையல் பிரியாது. வயித்துக்குக் குடுத்த மருந்து இந்நேரம் வேலை செஞ்சிருக்கும், பயம்தான் பிடிச்சு வெச்சிருக்கு. மயங்கி விழுந்தாலோ ரத்தம் போனாலோ மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க."

கொஞ்ச நேரத்தில் மகள் மறுபடி எழுந்தாள். ஹாலைக் கடக்கும்போது தலை நிமிரவில்லை. சோபாவிலிருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். மாப்பிள்ளை ஸ்டூலை உள்ளே வைத்துவிட்டு வந்தான்.

கதவு மூடியது. தடதடதடவென்று மெஷின் ஆரம்பித்தது.

"டிவில என்ன சொல்றான்னே கேட்கலையேம்மா" என்றார் பெரியப்பா.

"இன்னைக்குக் குடுக்க வேண்டியது" என்றாள் சம்பந்தி, நிமிராமலே.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஹாலின் அந்தக் கோடியிலிருந்தே குரல் கொடுத்தாள். "சம்பந்தி! ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன். அவளுக்கு ஏதாவதுன்னா கூப்பிட்டாக்கூட கேட்காது!"

மெஷின் நின்றது. உள்ளேயிருந்து நீளமாக ஒரு முனகல் வந்தது. பெரியப்பாவின் மகன்கள் டிவியை விட்டுவிட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த நொடி முன்னைவிட வேகமாகத் தடதடதட.

"பார்த்தீங்களா?" என்று மாப்பிள்ளையிடம் சீறினாள் அம்மா. "அவ முனகுறது காதுல விழுந்தும் மிதிக்கிறாங்க பாருங்க. கல் நெஞ்சு!"

மாப்பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டு, தானும் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். தாழ்ப்பாள் விலகியது.

மகள் நின்றாள். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது, மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. புருஷனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

"ஆயிடுச்சா!" என்று கத்தியே விட்டான் அவன். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு!"

பெரியப்பா திடுக்கிட்டு டிவியைப் பார்த்தார். "யாருப்பா ஜெயிச்சது? இன்னும் ஆட்டமே முடியலையே!"

"நம்ம பக்கம்தான் பெரியப்பா!"

காரணம் தெரியாமலே அவர் கை தட்டினார். மகன்களும் தட்டினார்கள். மகள் பட்டத்து ராணி மாதிரி அந்தக் கைதட்டலுக்கு நடுவே நடந்து போனாள். "தையல் பிரியலம்மா, ஒண்ணும் ஆகல!" என்று அம்மாவின் காதில் சொன்னபோது அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் கவனித்தாள். மெஷின் நின்றிருந்தது.

சந்தோஷம் ஒருபக்கம் இருந்தாலும் கேட்காமல் விட மனசில்லை. நேரே போய் மெஷின் பக்கத்தில் நின்றாள்.

"அப்படி என்ன தலைபோற தையல், சம்பந்தி?"

சம்பந்திக்கும் மூச்சு வாங்கியது. முதுகு முழுக்க வேர்வை. "தலைபோறதுதான்" என்றவள், முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள். "பொண்ணுக்குத் தொண்டை காய்ஞ்சிருக்கும். தண்ணி கொண்டு வரேன்."

அவள் சமையலறைக்குள் போனாள். அம்மா மெஷினைக் குனிந்து பார்த்தாள்.

மெஷினில் துணி இல்லை. ஊசியில் நூலும் கோர்க்கவில்லை.