உயராத குரல்

ஸ்டெல்லா மகளை அடிப்பவள் அல்ல, கத்துபவள். புருஷன் விட்டுப் போன பிறகு அந்தக் கத்தல் கூடிப்போனது. அதனால் குழந்தைகள் நலத்துறை மூன்று வயது ஜெனியைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனது. கத்தாமல் பேசும் பயிற்சியை ஸ்டெல்லா முடித்த பிறகு குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே, வீட்டுச் சுவரில் ஒரு கருவியையும் மாட்டினார்கள். தாயின் குரல் உயர்ந்தால் அது நலத்துறைக்குச் சொல்லிவிடும். குழந்தையை மறுபடி கொண்டுபோய்விடுவார்கள்.

ஒரு நாள் காலை, துணி பிழிந்துகொண்டிருந்த ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் இறக்கிவைத்த கஞ்சிப் பானையைப் பிடிக்க ஜெனி எட்டிக்கொண்டிருந்தாள். வாய்வரை வந்த கத்தலை ஸ்டெல்லா விழுங்கினாள்.

"ஜெனிக்குட்டி, அது சுடும். கிட்டப் போகக் கூடாது" என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்த குரலில் சொன்னபடியே ஓடினாள். குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜெனியின் மார்பிலும் கையிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். நலத்துறையிலிருந்து வந்த வசந்தா மேடம் கருவியின் பதிவைக் கேட்டுவிட்டு ஸ்டெல்லாவின் தோளைத் தொட்டார்.

"அந்த நேரத்துலகூட உன் குரல் உயரல, ஸ்டெல்லா. நாளைக்கே மெஷினைக் கழட்டிடலாம். பாப்பா இனிமே உன்கிட்டயே இருக்கும்."

ஸ்டெல்லா அவர் முகத்தைப் பார்த்து ஓங்கிக் கத்தத்தான் வாயைத் திறந்தாள். பழகிய குரல்தான் வந்தது.

"ரொம்ப நன்றிங்க, மேடம்."