கிராணி காட்டிய அரண்மனை

"என் வீட்டுக்காரரை சயாமுக்குக் கொண்டுபோக லோரி வந்து நிக்குது. இந்தக் கிராணிக்கு இப்பதான் அரண்மனை காட்டணுமாக்கா?"

பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவிடம் பொரிந்து தள்ளினாள் மருதம்மாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க, மலாயாவில் லூனாஸ் பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு ஜப்பான் அதிகாரி வந்திருந்தான். ஏற்கெனவே போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சீனிவாசகமோ அவன் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஆம்பளைங்க பால்மரம் வெட்டப் போயிருக்காங்க, துவான். அவங்க வர்ற வரைக்கும் சும்மா எதுக்கு நிக்கணும்? குன்றுக்குப் பின்னால ஒரு ராஜா அரண்மனை இடிஞ்சு கிடக்கு. பார்க்கலாமா?" என்றார் மலாயில்.

பழைய கட்டடம் என்றால் அதிகாரிக்கு உயிர். உடனே கிளம்பிவிட்டான்.

"மருதம்மா, போய்ப் பாராங் கத்தி எடுத்துட்டு வா. பாதையெல்லாம் புதரா இருக்கு, வெட்டணும்" என்றார் கிராணி.

அவள் எடுத்து வருவதற்குள் கிராணி பாப்பம்மாவிடம் ஏதோ சிடுசிடுத்துவிட்டு வந்தார்.

குன்றுக்குப் பின்னால் செங்கல் சுவர் நீளமாக நின்றது. அதில் வரிசையாக வளைவுகள்.

"இது குதிரை லாயம், துவான். அந்தக் குளத்துலதான் ராணி குளிச்சாங்க. இந்தக் கரியைப் பாருங்க, எதிரி வச்ச தீ! அப்பவும் எங்க ராஜா பணியலையே!"

அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டான். சுவரைத் தடவித் தடவிப் பார்த்தான். கிராணி அவனை விடவில்லை. நெல் குவித்த களஞ்சியம், யானை கட்டிய கல், கல்யாண மண்டபம் என்று சுற்றிச் சுற்றி இழுத்தடித்தார்.

வயிறெரிந்து நின்ற மருதம்மாளே ஒரு கட்டத்தில் வாயைப் பிளந்து கேட்டாள். என்ன மனுஷன், கூடவே இருந்து பார்த்த மாதிரியல்லவா சொல்கிறார்! புருஷன் ஞாபகம் வந்ததும் தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

உச்சி வெயிலில்தான் திரும்பினார்கள். லயத்து வீடுகளிலும் சரி, பால்மர வெட்டுக்காட்டிலும் சரி, ஓர் ஆண்பிள்ளை இல்லை.

அதிகாரி கிராணியை ஓங்கி அறைந்தான். கண்ணாடி தெறித்து விழுந்தது. மறுபடியும் அறைந்தான். உதட்டில் ரத்தம் வந்தது.

"எனக்குத் தெரியாது, துவான்" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

'நல்லா வேணும்' என்று நினைத்துக்கொண்டாள் மருதம்மாள்.

லோரி காலியாகப் போன பிறகு பாப்பம்மா வந்தாள்.

"பயப்படாதே. உன் புருஷனும் மத்தவங்களும் ஆத்துக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரங்க கம்பத்து வீடுங்கள்ல இருக்காங்க. கிராணிதான் என்னை வெட்டுக்காட்டுக்கு ஓடச் சொன்னாரு. 'நான் இவனைப் பிடிச்சு வைக்கிறேன், எல்லாரையும் ஆத்தைத் தாண்டச் சொல்லு'ன்னாரு."

"அப்ப, என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போனாரு?"

"நான் ஓடுறதைப் பார்த்து நீ அழுது கத்தினா லோரிக்காரனுங்க முழிச்சுக்குவாங்களே!"

மருதம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடி வாங்கிய மனிதர் தூரத்தில் குனிந்து கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நல்லவேளைக்கா, அந்த ராஜா அரண்மனை ஒண்ணு இங்க இருந்துச்சு..."

"ராஜாவாவது, அரண்மனையாவது! அவரு ஊர்ல செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவரு, அதை அப்படியே அளந்து விட்டிருக்காரு. நீ ஜித்ராவுலருந்து வாக்கப்பட்டு வந்தவ, உனக்கு எப்படித் தெரியும்? அது வெள்ளைக்காரன் பங்களாவுக்கு என் மாமனார் செங்கல் சுட்ட சூளைடி!"