ஆட்டின் நிழல்

அவள் நிழலைத் திருத்திவிட்டாள். திருத்திய பிறகுதான் யோசித்தாள்.

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் லேப். ஒவ்வொரு திரையிலும் ஒரு சூரியன், ஒரு தரை, ஓர் ஆடு.

ஆடு என்று அவர்கள்தான் சொல்லிக்கொண்டார்கள். ஒரு பெட்டி, நாலு கால், முன்னால் தலைக்கு ஒரு சின்னப் பெட்டி. நிஜ ஆடு இதைப் பார்த்தால் ஒரு வாரத்துக்குத் தழை தின்னாது.

வகுப்பு முழுக்க நின்றது அவள் செய்த ஆடு. தாராள மனசு. கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தாள். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா. ஒருவன் பச்சை அடித்தான். ஒருத்தி கொம்பு வைத்தாள். ஒரு மகராசன் தன் கட்சிக் கொடியையே ஆட்டுக்குப் போர்த்தியிருந்தான்.

நிழலை மட்டும் யாரும் தொடவில்லை.

அது சூரியனை நோக்கி விழுந்தது.

உலகம் உண்டான நாளிலிருந்து எந்த உயிரும் செய்யாத காரியம். சூரியன் இடப்பக்கம். நிழலும் இடப்பக்கம். நிழலுக்கான சூத்திரத்தில் ஒரு மைனஸ் குறி விட்டுப்போனதால் வந்த வினை.

விட்டவள் அவள்.

இன்று ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. உடனே மைனஸைப் போட்டாள். நிழல் வலப்பக்கம் போய்ச் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. அந்த அழகில் ஒரு நிமிடம் ஊர் உலகமே மறந்துபோயிற்று.

அதற்குள் அருளப்பன் சார் மார்க் போட முதல் வரிசைக்கு வந்துவிட்டார்.

அவருடைய விதிகள் லேப் கதவில் ஒட்டியிருக்கும். மலை அசைந்தாலும் அவை அசையாது.

காப்பி என்றால் கொடுத்தவருக்கும் பூஜ்யம், வாங்கியவருக்கும் பூஜ்யம். பூஜ்யம் வாங்கினால் பரீட்சை எழுத முடியாது. பரீட்சை இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு.

கடைசி விதி இது: வகுப்பு முழுக்க ஒரே தவற்றைச் செய்தால் அது ஆசிரியரின் தவறு. அனைவருக்கும் முழு மதிப்பெண்.

இப்படி ஒரு விதியை எழுத ஏழு கண்டத்திலும் வேறொரு வாத்தியார் பிறக்கவில்லை.

சார் முதல் திரையைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நிழல் நகரவில்லை.

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, விரலால் காற்றில் எதையோ எழுதிப் பார்த்தார்.

"எல்லாருக்குமேவாடே இப்படி?"

"நீங்க சொன்ன மாதிரிதான் சார் போட்டோம்" என்றான் பச்சை ஆட்டு மாரிச்செல்வம். அந்த முகத்தைப் பார்த்தால் கோயிலில் வைத்து விளக்கேற்றலாம்.

பக்கத்து நாற்காலி இசக்கி, அவள் விலாவில் இடித்தாள்.

"ஏளா, உன் ஆடு மட்டும் ஒழுங்கா நிக்கி. மாத்து."

"சரியாத்தானளா இருக்கு."

"அதான் சொல்லுதேன். ஒண்ணு சரியா இருந்தாலும் எங்க எல்லாருக்கும் சோலி முடிஞ்சி."

இசக்கி சொன்னது நிஜம். சார் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தார் என்பதற்கு ஒற்றை ஆடு போதும். மற்றதெல்லாம் காப்பி என்று ஆகிவிடும்.

நிழல் சரியாக இருப்பதால், கொடுத்தவள் அவள் என்று யாருக்கும் தோன்றாது. அவளுக்கு மட்டும் முழு மதிப்பெண். மற்ற எல்லோருக்கும் பூஜ்யம். அவள் செய்த தப்புக்கு.

சார் அடுத்த வரிசைக்குத் திரும்பினார்.

அவள் மைனஸை எடுத்தாள். புரோகிராமை ஓட்டினாள்.

நிழல் மறுபடி சூரியன் பக்கம் போய் விழுந்தது.

சார் வந்தார். மற்றவர்களிடம் நின்றதைவிட அவளிடம் அதிக நேரம் நின்றார்.

"உனக்கும் இந்தப் பக்கம்தானாம்மா."

அவள் தலையாட்டினாள். ஒரு கழுத்துக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"அப்ப நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துருக்கேன். எல்லாருக்கும் ஃபுல் மார்க்."

வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. மின்விசிறிகள் அந்தக் காற்றில்தான் சுற்றுகின்றனவோ என்று தோன்றியது.

சார் கரும்பலகைக்குப் போனார். சூத்திரத்தை எழுதினார்.

மைனஸோடு. சரியாக. அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தபடியே.

எழுதியதை, பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதைத்தான சொன்னேன். இதைப் போட்டுத்தான இப்படி விழுது."

டஸ்டரைத் தேடவில்லை. உள்ளங்கையாலேயே அந்த மைனஸை அழித்தார்.

"நோட்டுல திருத்திக்கிடுங்க. இத்தனை வருசமா எத்தனை பேருக்குத் தப்பாச் சொன்னேனோ. இனி வாரவங்களுக்காவது சரியாச் சொல்லணும்."

எல்லாத் தலைகளும் குனிந்தன. பேனாக்கள் ஓடின. இசக்கியும் பயபக்தியோடு அடித்துத் திருத்தினாள்.

சார் பலகையைப் பார்த்தபடியே நின்றார். முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. கையில் சாக்பீஸ் வெள்ளை.

அவள் மைனஸைப் போட்டாள்.

ஓட்டினாள்.

நிழல் வலப்பக்கம் வந்து படுத்தது. இசக்கி அவள் தொடையில் கிள்ளினாள். கிள்ளிய இடத்தைத் தடவிக்கூடப் பார்க்காமல், அவள் திரையைக் கரும்பலகைப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

சார் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே திரும்பினார்.