பீரோவில் ஒரு கை

வெள்ளையடிப்பதற்காக பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தியபோது, அதன் பக்கவாட்டில் ஒரு கை இருந்தது.

வரைந்த கை இல்லை. துருப்பிடித்த கை. பெயின்ட் கொப்புளித்து உரிந்த இடத்தில் உள்ளங்கை, ஐந்து விரல், எல்லாம் அச்சாக.

“எந்த மடையன் கிளவுஸ் போடாம தொட்டான்?” என்று கத்தினார் அவள் கணவர்.

ஓய்வு பெறும்வரை பீரோ கம்பெனியில் பாஸ்பேட் தொட்டிக்கு அவர்தான் சூப்பர்வைசர். ‘கிளவுஸ்’ என்பதே அங்கே அவருடைய பட்டப்பெயர். எண்ணெய் போகக் கழுவிய தகட்டை வெறுங்கையால் தொட்டால், தொட்ட இடத்தில் பாஸ்பேட் பிடிக்காது. பாஸ்பேட் பிடிக்காத இடத்தில் பெயின்ட் நிற்காது. பெயின்ட் போனால் துரு சும்மா விடுமா? இந்தப் பாட்டை அவர் சாப்பிடும்போதும் பாடுவார். அவளுக்கே மனப்பாடம்.

துரு கிடக்கட்டும். அது யார் கை என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்.

தன் கையை வைத்துப் பார்த்தாள். சின்னது. வெள்ளையடிக்க வந்தவரை வைக்கச் சொன்னாள். அவர் விரல்கள் முருங்கைக்காய் நீளம். இந்த பீரோ செய்தபோது அவர் பிறந்தே இருக்கமாட்டார் என்பது பிறகுதான் உறைத்தது.

பீரோ அவர்கள் கல்யாணத்துக்குக் கம்பெனி கொடுத்த பரிசு. அப்போது தொட்டியில் தகடு முக்கியெடுத்துக்கொண்டிருந்தவர் சாட்சாத் இவரேதான். ஊருக்கு உபதேசம் செய்கிறவர் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. கேட்டும் விட்டாள்.

“என் கையா? பாத்தாலே தெரியலயா? இது வேற யாரோ.”

உப்புத்தாளோடு வந்துவிட்டார். தேய்க்காமல் விட்டால் துரு பரவித் தகடே ஓட்டையாகும். தேய்த்தால் கை போய்விடும். யாருடையது என்று கடைசிவரை தெரியாது.

அவள் அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்துத் துருவின் மேல் வைத்து அழுத்தினாள்.

உள்ளங்கை பொருந்தியது. வெளிப்பக்கம் வளைந்த கட்டைவிரல் பொருந்தியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனிவரை பொருந்தின.

மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும் மறைக்க ஆளில்லாமல் துருவாகவே நின்றன.

பீரோ தயாரான பிறகு, கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்ட விரல்கள். அவள் முதன்முதலில் பிடித்ததே கட்டுப் போட்ட கையைத்தான்.

தன் கல்யாண பீரோ ஆயிற்றே என்று ஆசையாக ஒரு தடவை தொட்டிருப்பார் போல.

கிளவுஸ் கையை எடுக்கவில்லை. உப்புத்தாள் தரையில் கிடந்தது.

அவள் அந்த இரண்டு துரு விரல்களையும் மெதுவாகத் தொட்டாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.