கூப்பிடும் மணி

படுக்கையே நோயாளியின் வலியறிந்து மருந்து ஏற்றத் தொடங்கியதும், நர்ஸைக் கூப்பிடும் மணியை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். ஆனால் தனியறையில் கிடந்த மாராத்தாளின் கையில் மட்டும் மருந்து ஏறும் ஊசி அடிக்கடி கழன்றது. விசாரிக்க வந்தாள், பயன்படுத்துவோரின் தேவைகளைக் கேட்டெழுதும் பிசினஸ் அனலிஸ்ட் தாமரைச்செல்வி.

“ஊசி எப்படிங்கம்மா கழலுது?”

“நாந்தான் புடுங்குறேன் கண்ணு. அப்பத்தான் ஆராச்சும் வர்றாங்க.”

“வலிக்கலீங்களா?”

“வலிக்கும். வர்ற புள்ள திட்டும். திட்டுனாலும் ஒரு மொகத்தப் பாக்கலாமில்ல?”

தாமரைச்செல்வி, இந்தத் திட்டம் முழுவதையும் வகுத்த பிசினஸ் ஆர்க்கிடெக்ட் கோகுலனைப் போனில் அழைத்தாள். “மணி வேணுங்க சார்.”

“எல்லா ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துப் போட்ட திட்டம்மா. மணி வெச்சா ஆள் வெக்கணும். மொத்தமும் மாறும்.”

“மொத்தத்தப் பாக்குறது உங்க வேலைங்க. இந்தம்மாவுக்கு என்ன வேணும்னு கேக்குறது என் வேலை. கேட்டுட்டேன்.”

“எழுதிட்டுக் கிளம்பு. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“இவங்க கையில இனிக் குத்த இடமில்லீங்க சார். நீங்க மணியைச் சேர்க்குற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்.”

போனை வைத்துவிட்டு நாற்காலியைத் தேடினாள். திட்டத்தில் அதற்கும் இடமிருக்கவில்லை.

மாராத்தாள் மெல்லக் கால்களை மடக்கிக்கொண்டாள். “இப்படி உக்காரு கண்ணு.”